காசிம் மறந்த சொல்

அலிபாபாவின் அண்ணன் காசிமிடம் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஓர் அனுதாபம் உண்டு. பேராசைக்காரன்தான், தம்பியை மிரட்டி ரகசியத்தைப் பிடுங்கிக்கொண்டவன்தான். ஆனாலும் குகைக்குள் நுழைந்து, மூட்டைகளைக் கட்டி வாசல்வரை இழுத்து வைத்துவிட்டு, கதவைத் திறக்கும் சொல் மட்டும் நினைவுக்கு வராமல் தானியங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தானே, அந்தத் தவிப்பு நம்மில் யாருக்குத்தான் வந்ததில்லை? கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, பழைய வீட்டு எண்ணா, பெண்ணின் பிறந்த நாளா என்று நானும் எத்தனையோ முறை 'பார்லி, பார்லி' என்று கூவியிருக்கிறேன்.

இந்தக் கதை 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலின் பழைய அரபு ஏடுகளில் இல்லை என்பது ஒரு வேடிக்கை. அலெப்போ நகரத்திலிருந்து வந்த ஹன்னா தியாப் என்பவர், 1709-ஆம் ஆண்டு பாரிஸில், அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞரிடம் வாய்மொழியாகச் சொன்ன கதை அது. கலான் குறிப்பெடுத்துக்கொண்டு, பிற்பாடு விரித்து எழுதித் தம் நூலில் சேர்த்துவிட்டார்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. காசிமின் உடல் குகையிலிருந்து காணாமற் போனதுமே, வேறு எவனுக்கோ சொல் தெரிந்துவிட்டது என்பது திருடர்களுக்கு விளங்கிவிடுகிறது. அவர்கள் சொல்லையல்லவா மாற்றியிருக்க வேண்டும்? (மந்திரக் கதவு, மாற்ற முடியாது என்பீர்கள். போகட்டும், பொக்கிஷத்தையாவது இடம் மாற்றியிருக்கலாமே!) அதை விட்டுவிட்டு, சொல் தெரிந்தவனைத் தேடி ஊருக்குள் ஆள் அனுப்புகிறார்கள். கடைசியில் எண்ணெய் ஜாடிகளுக்குள் உட்கார்ந்தபடியே உயிரை விடுகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு கொள்ளை.

அங்கே பல மாநிலங்களில் விளையாட்டுப் போட்டிகளின்மேல் பந்தயம் கட்டுவது சட்டத்துக்கு உட்பட்டது. அதை நடத்துகிற பெரிய கம்பெனிகளில் ஒன்று டிராஃப்ட்கிங்ஸ். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு கணக்கு உண்டு. பந்தயத்துக்கென்று போட்ட பணமும், ஜெயித்த பணமும் அதில் கிடக்கும். வேண்டும்போது தம் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்கும் பந்தயத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. தருமபுத்திரரே சகல சாஸ்திரமும் தெரிந்திருந்தும் அந்த வழியில் போய் என்ன ஆனார் என்று நமக்குத் தெரியும். ஆனால் சூதாடுகிறவன் பணமும் அவன் பணம்தான். அதைத் தோற்பதற்கு அவனுக்கு உரிமை இருக்கலாம். திருடுவதற்கு இன்னொருவனுக்கு உரிமை இல்லை.

அந்த ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதியை ஒட்டி, அக்கணக்குகளில் சுமார் 60,000 கணக்குகளுக்குள் அந்நியர்கள் புகுந்தார்கள். அவற்றில் ஏறக்குறைய 1,600 கணக்குகளிலிருந்து சுமார் 6 லட்சம் டாலர் பறிபோயிற்று.

கொள்ளை நடந்த விதந்தான் என்னை அசர வைத்தது. உள்ளே நுழைந்தவன் முதலில் பணத்தை எடுக்கவில்லை, போட்டான்! பணம் போடவும் எடுக்கவும் தனக்குச் சௌகரியமான ஒரு புதிய வழியை அந்தக் கணக்கில் பதிவு செய்து, அது நேரான வழிதான் என்று நிரூபிப்பதற்காக 5 டாலர் கட்டினான். கம்பெனியின் யந்திரம் திருப்தியடைந்தது. பிறகு அதே வழியாக இருந்ததையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டான். சில கணக்குகளில் அதோடும் விடவில்லை. கடவுச்சொல்லை மாற்றி, பாதுகாப்புக்காகக் கைப்பேசிக்கு எண் அனுப்பும் ஏற்பாட்டையும் தன் கைப்பேசிக்கே வைத்துக்கொண்டான். சொந்தக்காரர் பதறிக்கொண்டு வந்து கதவைத் தட்டினால், யந்திரம் மிகுந்த ஜாக்கிரதையுடன், "இவர் உண்மையான ஆசாமிதானா?" என்று திருடனைக் கேட்கும்!

தன்னுடைய பூட்டு எதுவும் உடைக்கப்பட்டதற்கு அடையாளம் இல்லை என்று கம்பெனி அறிவித்தது. அது வாஸ்தவம். பூட்டு உடையவில்லை. அறுபதினாயிரம் பேரின் சாவியும் திருடர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்கு அறுபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும் 1961-ஆம் ஆண்டு ஓர் ஏற்பாட்டைச் செய்து காட்டினார்கள். ஒரு பிரம்மாண்டமான கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பங்கிட்டு உபயோகிக்கும் ஏற்பாடு அது. ஒரே வீட்டில் பல குடித்தனம் என்றால் அவரவர் அறைக்கு ஒரு பூட்டு வேண்டுமல்லவா? ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் கோடானுகோடிப் பேர் காலையில் எழுந்ததும் தட்டுகிற கடவுச்சொல்லின் பூர்வோத்தரம் இதுதான். திருடர்களை நினைத்து ஏற்பட்டதல்ல. அவரவர் கோப்பு அவரவருக்கு, அவரவர் நேரம் அவரவர் கணக்கில் என்ற குடித்தன நியாயந்தான்.

அடுத்த வருஷமே அது களவு போயிற்று. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் கம்ப்யூட்டர் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தரும்படி துளை அட்டை போட்டுக் கேட்கலாம் என்ற வழி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ரகசியச் சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டுத் தரும்படி அட்டை போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை காலையில் வந்து, தாள் வைக்கும் அலமாரியிலிருந்து பட்டியலைச் சாவதானமாக எடுத்துக்கொண்டு போனார். பழியைப் பங்கு போட்டுக்கொள்வதற்காக மற்றவர்களுக்கும் அதைக் கொடுத்தாராம். அவர்களில் ஒருவர் ஆய்வுக்கூடத் தலைவரின் கணக்குக்குள் புகுந்து கிண்டலாக எழுதி வைத்துவிட்டு வந்தாராம். ஷெர் இதை ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டு ஆயிற்று. முதல் கடவுச்சொல் திருடன் பணத்துக்காகத் திருடவில்லை, நேரத்துக்காகத் திருடினான் என்பதில் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.

1966-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. அதே யந்திரத்தில் ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதே சமயத்தில் ரகசியச் சொற்களின் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். கோப்பு இரண்டும் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் வரவேற்பு அறிவிப்பாக அனைவருடைய ரகசியச் சொல்லும் வரிசையாகக் காட்சி கொடுத்தது!

சொற்களை அப்படியே எழுதி வைப்பதால்தானே இந்த வம்பு என்று, பெல் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்ஸன் என்ற இருவர் ஆலோசித்தார்கள். அவர்கள் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் பிரசித்தமானது. சொல்லை அப்படியே வைக்காமல், கணித முறையில் அரைத்து மாவாக்கி வைப்பது அவர்கள் விவரித்த வழி. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் சொல்லைக் கொடுத்தால் யந்திரம் அதையும் அரைத்துப் பார்த்து, மாவும் மாவும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். போதாதென்று, அரைக்கும்போது 4,096 விதத்தில் ஏதாவது ஒரு விதமாகக் கொஞ்சம் 'உப்பு' சேர்த்தார்கள். அந்தத் துறையில் அதற்குப் பெயரே உப்புதான். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு மாறினால் மாவு வேறாகிவிடும்.

ஆனால் அதே கட்டுரையில் அவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். ஜனங்கள் உண்மையில் வைத்துக்கொண்டிருந்த 3,289 சொற்களைச் சேகரித்துப் பார்த்ததில், 15 பேருடைய ரகசியம் ஒற்றை எழுத்து! 72 பேருக்கு இரண்டெழுத்து. மொத்தத்தில் 86 சதவிகிதம், மிகச் சிறியதாகவோ, அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் தேடினால் அகப்படுவதாகவோ இருந்தது. உப்பைப் போட்டு என்ன செய்ய, அரிசியே ரேழியில் கொட்டிக் கிடந்தால்?

அரைத்து வைக்கும் வித்தை ஊரறிந்து முப்பது வருஷம் ஆன பிறகும், 2009 டிசம்பரில், ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அத்தனையும் அரைக்காத அரிசியாகவே வைத்திருந்தார்கள். அவற்றில் சுமார் 2,90,000 பேருடைய ரகசியம் 123456.

இம்மாதிரிக் களவுகள் அதன் பிறகு எத்தனையோ. திருடிய பட்டியல்கள் கைமாறின, விற்கப்பட்டன, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தன. பாட்டுக் கேட்கும் இடத்திலோ, செருப்பு வாங்கும் இடத்திலோ களவு போன சொல்லுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். அதே மனிதர் அதே சொல்லை வேறு இடத்திலும் வைத்திருந்தால் மதிப்பு உண்டு. அவர் வைத்திருப்பார். காசிமின் பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. மறந்துவிடுவோமோ என்று பயந்து ஒரே சொல்லை எல்லாக் கதவுக்கும் வைக்கிறோம். திருடன் செய்ய வேண்டியதெல்லாம், பட்டியலில் உள்ள பெயரையும் சொல்லையும் ஜோடி ஜோடியாக, கம்ப்யூட்டரைக் கொண்டே, பணம் இருக்கும் ஒரு வாசலில் போட்டுப் பார்ப்பதுதான். லட்சத்தில் சில ஆயிரம் திறந்தாலும் போதும்.

டிராஃப்ட்கிங்ஸில் நடந்தது இதுதான். அதில் பிடிபட்டவன் விஸ்கான்ஸின் மாநிலத்து இளைஞன். கொள்ளை நடந்தபோது வயது 18. 2023 பிப்ரவரியில் அவன் வீட்டைச் சோதனை போட்டபோது, அவனுடைய கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 4 கோடி ஜோடிகள் இருந்தன. எந்தத் தளத்தில் எப்படிப் போட்டுப் பார்ப்பது என்ற குறிப்புக் கோப்புகள் மட்டும் சுமார் 700. திறந்த கணக்குகளை அவனும் கூட்டாளிகளும் மற்றவர்களுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் உள்ளே போய்ச் சூறையாடினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டான், 2024-இல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நம் வீட்டுப் பையன்கள் கல்லூரியில் சேருகிற வயது!

இழந்தவர்களுக்கு ஈடு செய்வதாகக் கம்பெனி சொல்லிற்று. நல்லதுதான். ஆனாலும், சொல்லை வைத்தவர்கள் மேலேயே பழி முழுவதையும் போடுவதை நான் ஒப்பமாட்டேன். இன்றைக்குப் புதிதாக முளைத்த ஒரு வழியாக, ஐந்து டாலர் சாட்சியத்தின் பேரில், கணக்கில் உள்ள அத்தனையும் உடனே வெளியேறுகிறதென்றால், ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்ல அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இல்லையா? பழைய நாட்டுக்கோட்டைப் பெட்டகசாலையில் இது நடந்திருக்காது.

ரோமாபுரிச் சேனையில் நடந்திருக்காது என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாலிபியஸ் என்ற சரித்திராசிரியர் விவரமாக எழுதியிருக்கிறார். தினந்தோறும் சூரியன் சாயும் வேளையில், பாளையத்தின் கோடியில் இருக்கும் படைப்பிரிவிலிருந்து ஒருவன் தலைவரின் கூடாரத்துக்கு வந்து, அன்றிரவுக்கான சொல் எழுதிய மரப்பலகையை வாங்கிக்கொண்டு போவான். சாட்சிகளை வைத்துக்கொண்டு அதை அடுத்த பிரிவுக்குக் கொடுப்பார்கள். அது கைமாறிக் கைமாறி, இருட்டுவதற்குள் தலைவரிடமே திரும்பி வந்துவிட வேண்டும். ஒரு பலகை வராவிட்டால், அதன் குறியைக் கொண்டு எந்தப் பிரிவில் நின்றது என்று விசாரித்துத் தண்டிப்பார்கள். நேற்றைய சொல்லை எதிரி ஒட்டுக்கேட்டிருந்தாலும் இன்றைக்கு அதனால் அவனுக்குப் பயன் இல்லை.

நம் கைப்பேசியில் ஆறு இலக்க எண் காட்டும் செயலி அந்த மரப்பலகையின் வாரிசுதான். தொடக்கத்தில் கம்பெனியும் நம் கைப்பேசியும் ஓர் இரகசிய எண்ணைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதையும் அந்த நேரத்துக் கடிகாரத்தையும் சேர்த்து இரண்டும் தனித்தனியே கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு புதிய எண்ணை அடைகின்றன. 2011-இல் இதற்குப் பொது விதி வகுத்து வெளியிட்டார்கள். பந்தயக் கணக்கோ, வங்கிக் கணக்கோ, சொந்தக்காரர் முந்திக்கொண்டு இதை வைத்துவிட்டால், நாலு கோடி ஜோடியைக் கையில் வைத்திருப்பவனும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அப்போதும், "சார், கம்பெனியிலிருந்து பேசுகிறோம், அந்த நம்பரைச் சொல்லுங்கள்" என்று குழைந்து பேசி வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு யந்திரம் என்ன செய்யும்?

இதையெல்லாம் மிகுந்த ஞானத்துடன் என் தங்கை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவள். களவு போன பட்டியல்களில் நம் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஓர் இடம் இருக்கிறதாம். 2013-இல் ஆஸ்திரேலியாவில் ட்ராய் ஹன்ட் என்பவர் தொடங்கியது. என் முகவரியைத் தட்டினாள். இருந்தது. எப்போதோ புத்தகம் வாங்கிய ஒரு கடையிலிருந்து போயிருக்கிறது.

"அந்தக் கடைக்கு என்ன பாஸ்வேர்டு மாமா வச்சிருந்தீங்க?"

சொன்னேன். என் முதல் நாவலின் கதாநாயகியின் பெயர்.

"பாங்குக்கு?"

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"ஏன் மாமா, உங்களைப் படிச்ச யாரா இருந்தாலும் முதல்ல இதைத்தானே போட்டுப் பார்ப்பாங்க?"

எழுத்தாளனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. இன்னும் அவளை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா! ஆனால் அன்று சாயங்காலம் காப்பிகூடக் குடிக்காமல் இருவரும் உட்கார்ந்து, பதினோரு இடங்களில் பதினோரு சொல் மாற்றினோம். அவ்வளவையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது என்றேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், விஸ்கான்ஸின் பையன் உங்கள் பீரோவுக்கு வரமாட்டான் என்றாள். எழுதினேன். கடைசியில் புத்தகக் கடையின் கணக்கை என்ன செய்வதென்று கேட்டாள். மூடிவிடு என்று சொல்லிவிட்டேன்.