குறுக்கெழுத்துப் புதிரும் நிகண்டுத் துணையும்

நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை விடுவிப்பார் பிறர் துணையை நாடுதல் தகுமோ என்னும் வினா, பொழுதுபோக்கின்பாற் பட்டதாகத் தோன்றலாம். ஆயினும், தமிழெழுத்தின் இயல்பையும் நிகண்டுகளின் அமைப்பையும் ஆராய்வார்க்கு அது புறக்கணிக்கத் தக்கதன்று. எப்புதிரில் நூல்துணையும் அறிஞர்துணையும் நம்மை விடையை நோக்கி இட்டுச் செல்கின்றனவோ, அதுவே புதிர். எத்துணை உதவி பெற்றபோதும் விடை நல்வாய்ப்பின் கையிலேயே நிற்குமாயின், அது சூது. இவ்வேறுபாட்டை நம் நாட்டு வரலாறும் தமிழிலக்கணமும் ஒருங்கே காட்டுகின்றன என்பதே நம் கருத்து.

குறுக்கெழுத்தின் தொடக்கம் அண்மைக் காலத்தது. 1913 டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வோர்ல்டு’ இதழில் ஆர்தர் வின் என்பார் அமைத்த புதிரே முதலாவது என்பர். இலண்டன் ‘டைம்ஸ்’ 1930இல் அதனை ஏற்றது. தமிழில் இதனைப் பரப்பியவை வார இதழ்களாம். 1928இல் ‘ஆனந்த விகடன்’ இதழை ஏற்ற எஸ். எஸ். வாசன் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளால் பெரியதொரு வாசகர் கூட்டத்தை ஈர்த்தார்.

நாடெங்கும் நாளடைவில் பரிசுத்தொகை பெருகியது. புதிரின் தன்மையோ வேறாயிற்று. ‘மாந்தர்க்கு இன்றியமையாதது’ என்று குறிப்புத் தந்து, மூன்று கட்டங்களுள் முதலில் ‘ப’, இறுதியில் ‘ம்’ என்று பொறித்து, இடைக்கட்டத்தை வெறுமையாக விட்டால் என்ன ஆகும்? பணம் என்பான் ஒருவன். பலம் என்பான் மற்றொருவன். பயம் என்பானும் உளன். போட்டி நடத்துவோர் முன்னரே முத்திரையிட்டு வைத்த சொல் எதுவோ அதுவே வெல்லும். இங்கே பெரும்புலவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளினும் பயனில்லை.

இந்நிலையில்தான் 1955ஆம் ஆண்டின் 42ஆம் சட்டமாகப் பரிசுப் போட்டிச் சட்டம் பிறந்தது. அரசியலமைப்பின் 252ஆம் பிரிவின்படி, மாநிலச் சட்டமன்றங்கள் சில தீர்மானம் இயற்றி வேண்டிக்கொண்டதன்மேல் நாடாளுமன்றம் இதனை இயற்றிற்று. அவற்றுள் சென்னை மாநிலமும் ஒன்று. எழுத்துகளையும் சொற்களையும் எண்களையும் சேர்த்தும் மாற்றியும் அமைக்கும் புதிர்களுக்குத் திங்களொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கூடாது என்று அது விலக்கியது. சட்டம் 1956 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்து வழக்காடியோர் அறிவுத்திறப் போட்டிகளையும் இது தடுக்கின்றதே என்று வாதித்தனர். 1957 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம், சட்டத்தின் நோக்கத்தை ஆராய்ந்து, சூதின் தன்மையுடைய போட்டிகளையே அது சுட்டும் என்று பொருள் கண்டது. அத்தீர்ப்பை எழுதியவர் இசைப் புலமையாலும் புகழ்பெற்ற டி. எல். வெங்கடராம ஐயர் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. பொதுச்சொல்லை இடமும் நோக்கமும் கொண்டு வரையறுத்துப் பொருள் காணும் அம்முறை நம் உரையாசிரியர்க்கும் புதிதன்று.

அக்காலத்துச் சென்னை மாநில முதலமைச்சர் காமராசர். அவர் ஊரின் பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ‘காமராசர் பிறந்த ஊர், எழுத்து ஆறு’ என்று ஒரு குறிப்பு இருப்பின், விருதுநகர் என்பதும் பொருந்தும், விருதுபட்டி என்பதும் பொருந்தும். இரண்டும் ஆறெழுத்தே, முதல் மூன்றெழுத்தும் ஒன்றே. அவர் பிறந்த 1903இல் ஊர் விருதுபட்டி எனப்பட்டது. 1923இல்தான் விருதுநகர் ஆயிற்று. குறுக்கே செல்லும் சொற்கள் இல்லாத போட்டியாயின் இது வெறும் சூதே. குறுக்கே சொற்கள் செல்லுமாயின், இலக்கணம் துணைக்கு வரும். ஐந்தாங் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்குவதாக எண் இடப்பட்டிருக்கிறது என்க. விருதுபட்டியாயின் அக்கட்டத்தில் ‘ட்’ நிற்றல் வேண்டும். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது. ஆகவே அங்கு நிற்பது ‘க’, ஊர் விருதுநகர். கீழ்நோக்கிய குறிப்பைப் படிக்குமுன்னரே விடை தெளிவாகின்றது. ‘அவர் பிறந்தபோது ஊர்க்கு வழங்கிய பெயர்’ என்று குறிப்பெழுதியிருந்தாலோ ஐயத்திற்கே இடமில்லை. நேர்மையான புதிர் இவ்விரு வழிகளுள் ஒன்றையேனும் நமக்குத் திறந்து வைக்கும்.

தமிழ்க் குறுக்கெழுத்து ஆங்கிலத்தினின்றும் வேறுபடும் இடம் இதுவே. ஆங்கிலக் கட்டத்தில் நிற்கக்கூடியவை 26 எழுத்துகள். தமிழில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர 247. எனவே குறுக்கே கிடைத்த ஓர் உயிர்மெய் மெய்யையும் உயிரையும் ஒருசேரத் தந்துவிடுகின்றது. புள்ளியெழுத்தோ இன்னும் மிகுதியாக உதவும். க், ச், த், ப் என்னும் நான்கும் சொல்லின் இடையில் தம்மினத்தோடு மட்டுமே மயங்கும் என்பது நூன்மரபால் அறியப்படும். இவற்றுள் ஒன்று கிடைத்தால், வலப்புறக் கட்டத்திற்கும் கீழ்க்கட்டத்திற்கும் உரிய வருக்கம் உடனே புலனாகும். வல்லெழுத்து மெய் மொழியிறுதியில் நில்லாது என்பதும் அவ்வாறே உதவும். புதிர் அமைப்பார்க்கு இவை இடர்ப்பாடு, விடுவிப்பார்க்கு ஊன்றுகோல். இன்றைய புதிர்களில் ‘டாக்டர்’ போன்ற சொற்கள் புகுந்து இவ்வூன்றுகோலைச் சற்றே தளர்த்தியுள்ளன. எனினும் சகரத்தை மொழிமுதலில் விலக்கிய தொல்காப்பியத்திற்குப் பின் நன்னூல் அதனை ஏற்றதையும் நாம் அறிவோம்.

எழுத்தைக் கட்டத்தில் அடைத்து இரு திசையிலும் படிக்கும் கலை நமக்கு மேனாட்டாரால் வந்ததன்று. தண்டியலங்காரம் கூறும் மிறைக்கவிகளுள் சுழிகுளம் என்பது அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி, முப்பத்திரண்டு கட்டங்களில் அமைவது. முதலடியின் முதல் நான்கெழுத்துகளே மேலிருந்து கீழாக முதல் நிரலிலும் வரும். இரண்டாம் அடிக்கும் இரண்டாம் நிரலுக்கும் பிறவற்றுக்கும் இவ்வுறவே. அதில் ஒற்றும் தனிக்கட்டம் பெறுகின்றது. இன்றைய குறுக்கெழுத்தும் அப்படியே. எழுத்தைக் கூட்டிப் புதுச்சொல் காணும் எழுத்து வருத்தனமும், குறைத்துக் காணும் அக்கரச்சுதகமும், பல வினாக்களின் விடைகளைச் சேர்த்து ஒரு பெயராக்கும் வினாவுத்தரமும் இன்றைய குறிப்பெழுதுவோர் கையாளும் முறைகளே. இன்னும் முற்பட்டு, தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை யாப்பின் வகைகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஆயினும் சுழிகுளத்திலிருந்து குறுக்கெழுத்து பிறந்தது என்று கூறுதல் மிகையாம். ஒப்புமை வேறு, வழிவழித் தொடர்பு வேறு.

துணைநூல்களை நோக்குவோம். சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதி ஒருசொற் பல்பொருளைக் கூறுவது; சொற்கள் எதுகை முறையில், அஃதாவது இரண்டாம் எழுத்தை நோக்கி, வைக்கப்பட்டுள்ளன. மனப்பாடம் செய்யவும் செய்யுள் யாக்கவும் வகுத்த அம்முறை, முதலெழுத்துத் தெரியாது இரண்டாம் எழுத்து மட்டும் கிடைத்த புதிர்வாணர்க்கு இன்று உறுதுணையாகின்றது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதியாகிய தொடையகராதியும் அத்தகையதே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் பொருட்பெருக்கத்தில் ஒப்பற்றதாயினும், முதலெழுத்து அறியாதவர்க்கு அதன் கதவு திறவாது. இவ்வொரு வகையில் பழைய நூலே மேம்பட்டது என்போம்.

நூல் உதவாத இடமும் உண்டு. சிவகாசி வட்டாரத்துச் சொற்களை எடுத்துக்கொள்வோம். சிவகாசி என்னும் பெயரில் ஒற்றே இல்லை. நான்கு கட்டங்களில் எதனின்றும் கீழ்ச்சொல் தொடங்கலாம். அவ்வூர்த் தொழிலின் சொற்களோ ஒற்று மிக்கவை. 1920களில் அங்கு வேரூன்றிய தீப்பெட்டியும், பின்னர்ப் பெருகிய மத்தாப்பும் ஐந்தெழுத்துச் சொற்கள். இரண்டிலும் இரண்டாம், நான்காம் கட்டங்களில் ஒற்றே நிற்கும். தேர்ந்த புதிராசிரியர் அவற்றை ஒன்றாம், மூன்றாம், ஐந்தாங் கட்டங்களிலேயே குறுக்கறுப்பர். ‘நோயையும் தீர்க்கும், பாறையையும் பிளக்கும், எழுத்து நான்கு’ என்று ஒரு குறிப்புத் தந்தால், ஏட்டுப் புலவர் சற்றே தயங்கக்கூடும். பட்டாசுத் தொழிலாளியைக் கேட்பின், அன்றாடம் தம் வாயில் வழங்கும் ‘மருந்து’ என்னும் சொல்லை அவர் உடனே கூறிவிடுவார்.