குரல் இசிவு நோயின் ஆராய்ச்சி வரலாறு

எழுத்தொலி பிறக்கும் முறையை ஆராய்ந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழும் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி எழுத்தாகின்றது எனப் பிறப்பியலில் வகுத்துரைத்தார். இவ்வுறுப்புக்கள் யாவும் ஊனமின்றி இருக்கவும், ஒருவருக்குப் பேச்சு மட்டும் இடறுமாயின் அதற்குக் காரணம் யாது? இவ்வினா மேனாட்டு மருத்துவரை நூறாண்டுக் காலம் மயக்கிற்று.

மலைமுகட்டிலிருந்து மலைமுகட்டிற்குக் கூவி அழைக்கும் தேயிலைத் தோட்ட வாழ்க்கையிலே குரல் கம்முதல் புதிதன்று. பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடுவோருக்கும், வகுப்பறையிலே பாடஞ் சொல்லும் ஆசிரியருக்கும் அது நேர்வதுண்டு. ஓய்வு கொடுப்பின் பெரும்பாலும் தீரும். குரல் இசிவோ அத்தகையதன்று. பேச முயலுந்தோறும் குரல் நாண்கள் தம்மையறியாது இறுக நெருங்க, சொல் நெரிந்து துண்டு துண்டாக வெளிப்படும். சிலருக்கு நாண்கள் விரிந்து நிற்க, சொல் வெறும் மூச்சாய்க் கழியும். நடுவயதிலே தொடங்கும் இந்நோய் ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுகின்றது. வியப்பு யாதெனில், பேச்சு இடறும் அவரே சிரிக்கும்போதும் பாடும்போதும் பலகால் தடையின்றி ஒலிப்பர்.

ஸ்பானிய இசையாசிரியர் மனுவேல் கார்சியா 1854 இல் சிறு கண்ணாடியின் துணையால் தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். அதன்பின் குரல்வளையை நோக்குதல் மருத்துவருக்கு எளிதாயிற்று. 1871 இல் ஜேர்மன் மருத்துவர் லூட்விக் திராவ்பே இந்நோயை முதன்முதல் விவரித்து, நரம்புத் தொடர்பான கம்மலின் இசிவு வகை எனக் குறித்தார். எனினும், நாண்களிற் கட்டியோ புண்ணோ காணப்படாமையாலும், சிரிப்பும் பாட்டும் குன்றாமையாலும், இது மனக்கோளாறே என்னும் கருத்து வேரூன்றிற்று.

அதற்கு அடுத்த ஆண்டாகிய 1872 இல் இலங்கையிலே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் குறித்த கட்டளைச் சட்டம் பிறந்தது. அக்காலத்து மலைநாடு கோப்பிக்கு உரியதாயிருந்தது. வாந்திபேதி, வயிற்றுளைச்சல் என உயிர்கொல்லும் நோய்களே வைத்தியரின் கருத்தைக் கவர்ந்தன. கொல்லாத நோய் கண்ணுக்குப் படுதல் அரிதாயிற்று. காரணந் தோன்றாத பிணிக்குக் கோடங்கியை நாடுதல் தோட்ட மக்களிடை வழங்கிய முறை. மேனாட்டார் மனத்தைப் பழித்தனர். ஈண்டுள்ளோர் பேயைப் பழித்தனர். இருவழியும் நோயாளிக்கு எஞ்சியது நாணமும் மௌனமுமே.

இக்கருத்தை அசைத்தவருள் ஆர்னல்ட் ஆரன்சன் முதன்மையானவர். அவரும் துணைவரும் 1968 இல் வெளியிட்ட ஆய்வுகள், நோய்க்குக் காரணம் மனத்தன்று, நரம்பு மண்டலத்திலே தேடற்பாலது எனக் காட்டின. ஒப்பன்ஹைம் 1911 இல் பெயரிட்ட தசைமுறுக்கு நோய்க் குடும்பத்தைச் சார்ந்ததே குரல் இசிவும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மூளையிலே அசைவை ஆளும் பகுதிகளின் இசைவுக் குறைவே இதன் அடிப்படை என இன்று கொள்வர்; சிலரிடத்து மரபணு மாற்றங்களும் காணப்பட்டுள்ளன.

சிகிச்சையின் வரலாறும் படிப்பினை மிக்கது. குரல்வளைக்குச் செல்லும் நரம்பை அறுத்தாற் பன்றி கத்துதல் ஒழியும் எனப் பண்டை மருத்துவர் காலன் கண்டிருந்தார். 1976 இல் ஹெர்பெட் டீடோ, அந்நரம்பை ஒரு பக்கத்தில் அறுத்து இசிவைத் தணித்தார். தொடக்கத்திற் குரல் தெளிந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் நோய் பலரிடம் மீண்டது.

நஞ்சே மருந்தாகியது அடுத்த கட்டம். கெட்ட இறைச்சியால் விளையும் நச்சினை ஆராய்ந்த யுஸ்டினுஸ் கேர்னர், சிற்றளவில் அது மருந்தாகலாம் என 1822 இலேயே கருதினார். தசைக்கு நரம்பு விடுக்கும் ஏவலைத் தடுப்பது அந்நஞ்சின் இயல்பு. அலன் ஸ்கொட் அதனை மாறுகண்ணுக்குப் பயன்படுத்தி 1980 இல் முடிவுகளை வெளியிட்டார். 1984 இல் அண்ட்ரூ பிளிற்சர் அதனைக் குரல்வளைத் தசையிற் செலுத்தினார். இறுகிய நாண்கள் நெகிழ, பேச்சு மீண்டது. எனினும் அதன் பயன் மூன்று நான்கு திங்களே நிற்கும். மீண்டும் மீண்டும் ஊசி ஏற்றல் வேண்டும். ஜப்பானிய அறிஞர் இஷிகி வகுத்த குரல்வளைக் குருத்தெலும்பு அறுவை முதலியன நிலைத்த பயனை நாடுவன. நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

பேராதனையில் 1962 இல் மருத்துவ பீடம் தோன்றியது. டிக்கோயாவிலே புதிய வைத்தியசாலைக் கட்டடம் 2017 இல் திறக்கப்பட்டது. இவை மலையகத்தை மருத்துவத்திற்கு அணித்தாக்கின. ஆயினும் நாட்கூலி பெறுவோர் ஒருவர் நெடுந்தூரம் சென்று நிபுணரைக் காண்பதாயின், ஒரு நாட் பேர் இழத்தல் வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை இழத்தல் எளிதன்று. எனவே நோயை அறிதலே முதற் சிகிச்சையாகும். சொல் இடறும் தாயையோ மாணவரையோ காணும் ஆசிரியர், அது அச்சமன்று, பாசாங்கன்று, பேயன்று என உணர்வாராயின், நூறாண்டு ஆராய்ச்சியின் பயன் அவ்விடத்தே கைகூடும்.