டால்ட்டன் கண்ட நிறங்கள்

மாணவ நண்பர்களே, அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்ட்டனைப் பற்றி இரசாயன வகுப்பிலே படித்திருப்பீர்கள். அப்பெரியாருக்குப் பச்சை இலையும் சிவப்பு அரக்கும் ஒரே நிறமாகத் தோன்றின என்பதைப் பாடநூல் சொல்லியிராது.

1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியிலே, ஈகிள்ஸ்ஃபீல்ட் என்னும் சிற்றூரில், ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தவர் அவர். பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லத் தொடங்கினார். ஆதலால் என் போன்றோருக்கு அவர்பால் ஒரு தனிப் பரிவு உண்டு. தம் பார்வை பிறர் பார்வையினின்றும் வேறானது என்பதை அவர் நெடுங்காலம் உணரவில்லை. 1792இல் ஒரு ஜெரேனியம் மலரைக் கண்டார். பகலொளியில் வான்நீலமாயிருந்த அம்மலர், மெழுகுவர்த்தி ஒளியில் நீலம் சிறிதுமின்றிச் சிவப்பாகத் தோன்றியது! நண்பர்களை அழைத்துக் காட்டினார். அவர்கள் அத்தகைய மாற்றம் எதையும் காணவில்லை. தமையனார் ஒருவர் மட்டும் தம்பி கண்டவாறே கண்டார்.

மற்றொருவராயின் இதனை மறைத்திருப்பார். டால்ட்டனோ, 1794 அக்டோபர் 31ஆம் நாள், மான்செஸ்டர் நகரத்து அறிஞர் கழகத்தில் தம் குறையையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கட்டுரை படித்தார். தம் கண்ணினுள்ளே இருக்கும் நீர் நீலநிறமுடையது, அதுவே செந்நிறக் கதிர்களை விழுங்கிவிடுகிறது என்பது அவர் துணிபு. தாம் இறந்த பின் கண்ணைச் சோதித்துப் பார்க்குமாறும் ஏற்பாடு செய்தார். 1844 ஜூலையில் அவர் மறைந்ததும் மருத்துவர் சோதித்தார். அந்நீர் தெளிவாகவே இருந்தது. கொள்கை பொய்த்தது. எனினும் பாதுகாக்கப்பட்ட அக்கண்ணின் துணுக்கினின்றும் மரபணுவைப் பிரித்தெடுத்த அறிஞர்கள் 1995இல் உண்மையைக் கண்டனர். பச்சைப் பகுதியின் ஒளியை முதன்மையாக ஏற்கும் நிறமிக்குரிய மரபணு அவரிடம் இல்லை.

இக்குறை பெரும்பாலும் தாய்வழி மரபாக வருவது; ஆண்களிடமே மிகுதி. சித்திர வகுப்பில் மாவிலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டிய சிறுவன் ஒருவனைக் குறும்பனென்று கருதி நான் ஒருமுறை கடிந்துரைத்தேன். அவனுடைய தாய்மாமனும் அவ்வாறே நிறம் மயங்குபவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று அவனுக்குக் கைகொடுக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. டால்ட்டனின் கதையைக்கூட நான் சொல்லவில்லை.

இன்று கணினியில் சித்திரம் வரைவோர்க்கு நிலை வேறு. அங்கே ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவுகளால் ஆவது. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். சொட்டுக்குழாய் வடிவிலுள்ள குறியை ஓரிடத்தில் வைத்தால் அவ்விடத்து எண்கள் தோன்றும். 34, 139, 34 என்றால் இலைப்பச்சை. 178, 34, 34 என்றால் செங்கற் சிவப்பு. கண் மயங்கினும் எண் மயங்காது. தனிமங்களுக்கெல்லாம் எடையெண் கணித்த டால்ட்டனுக்கு இம்முறை மிகவும் உவப்பாயிருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

நிறம் மயங்குவோர் கண்ணுக்கு ஒரு படம் எவ்வாறு தோன்றும் என்பதைப் பிறர்க்குக் காட்டும் வசதியும் சில வரைகலை மென்பொருள்களில் உண்டு. இளஞ்சிவப்பு ஜெரேனியம் மலரின் படத்தை அவ்வாறு மாற்றிப் பாருங்கள். சிவப்பு மறைந்து, நீலச்சாயல் மேலிடும்.