தவில் கேட்ட காதும் பாண்ட் அடித்த கையும்

பாடசாலை வரலாறு எழுதப் புகுவோர் அதிபர்களின் பெயர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் கிரிக்கெற் ஓட்டங்களையும் தவறாது குறித்துவிடுகின்றனர். பாண்ட் வாத்தியக் குழு மட்டும் எப்படியோ விடுபட்டுப் போகிறது. யாழ்ப்பாணத்துக் கல்லூரி மலர்கள் பலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு படம் இருக்கும், கீழே ஆண்டும் இருக்கும். நிற்பவர், இருப்பவர் பெயர்கள் இரா. ஆகவே இவ்வரலாற்றைப் பழைய மாணவர்களின் வாய்வழியாகவே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

இந்த இசை நமக்குப் பிரித்தானியப் படைகளோடு வந்தது. 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியில் மாணவர் படையணி தோன்றியது. படைப்பயிற்சியும் அணிநடையும் பின்னர் ஏனைய பாடசாலைகளிலும் பரவின. இதனை அந்நிய மோகம் என்று ஒதுக்கும் இலக்கிய நண்பர் ஒருவர் எனக்குண்டு. நான் உடன்படுவதில்லை. பேஸ் ட்ரம், சிம்பல்ஸ் ஆகியன துருக்கியச் சுல்தானின் ஜனிசரிப் படையினரிடமிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் எடுத்துக்கொண்டவை. கிழக்கிலிருந்து போன முரசுதான் சுற்றுவழியாக நம்மூர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது.

1960களில் சைட் ட்ரம் அடித்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். திருவிழா இரவுகளில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933-1975) தவிலைக் கேட்டு வளர்ந்தவர். தவிலில் ஒரு பக்கம் கழி, மறுபக்கம் கூடு போட்ட விரல்கள். சைட் ட்ரம்மிலோ இரு கையிலும் குச்சி. ஆயினும் காது பழகியது தவிலுக்கே. ஒருநாள் பயிற்சியில் குறும்பாக மிச்ரசாப்பை நுழைத்தாராம். ஏழு அட்சரமாதலால் ஒவ்வோர் ஆவர்த்தனமும் மறுகாலில் தொடங்க, வரிசை முழுவதும் குழம்பிற்று. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி வைக்கும் அணிநடைக்கு இரட்டைப்படைக் கணக்கே இசையும். பொறுப்பாசிரியர் பிரம்பெடுத்தார். பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபின் அவரே கிட்ட வந்து, "தம்பி, அதை இன்னொருக்கா அடி பாப்பம்" என்றாராம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு, குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியபின் நிலைமை வேறு. கிழிந்த ட்ரம்முக்கு மாற்றுத் தோல் கிடையாது. அக்காலத்தில் பேஸ் ட்ரம் சுமந்தவர் என்னிடம் சொன்னார்: "தவில் கட்டிற ஒரு ஐயாட்டைக் கொண்டுபோய் ஆட்டுத்தோல் போட்டனாங்கள், மாஸ்ரர். பனிக்காலத்திலை தோல் தளர்ந்து தொப் தொப் எண்டும். பனையோலை கொளுத்திச் சூடு காட்டுவம். தாளம் பிழைச்சாலும் பரவாயில்லை, ஓலை முடியக்கூடாது எண்டதுதான் எங்கட கவலை." அந்த ட்ரம்மோடுதான் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடந்தன. விமானச் சத்தம் கேட்டால் வரிசை குலைந்து பதுங்குகுழிக்கு ஓடும். சத்தம் அடங்கினால் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. வாத்தியங்கள் களஞ்சிய அறையில் கிடந்தன. 1996 இல் அவர் திரும்பி வந்து பார்த்தபோது பேஸ் ட்ரம்மின் வளையம் ஒன்றே எஞ்சியிருந்ததாம். அவரோடு வரிசையில் நின்றோர் சிலர் புலம்பெயர்ந்தனர். சிலர் இன்று இல்லை.

அக்குழுவின் படமொன்றைக் கனடாவிலிருந்து ஒருவர் அனுப்பியிருக்கிறார். பதினான்கு பேர். தொலைபேசியில் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுப் பதின்மூன்று பெயர்களை எழுதிவிட்டோம். எஞ்சியவர் சிம்பல்ஸ் தட்டியவர். வெள்ளைச் சப்பாத்து இல்லாமையால் கடைசி வரிசைக்குப் போனவர் என்பதும், எப்போதும் அரைத்தட்டுப் பிந்தியே தட்டுவார் என்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பெயர்தான் ஒருவர் நாவிலும் வரவில்லை. குட்டையான தோற்றம், நெற்றியில் பட்டையாகத் திருநீறு, வலப்புறம் கடைசியில் நிற்கிறார். அவரை அறிந்த நேயர்கள் இந்நிகழ்ச்சியின் முகவரிக்கு ஒரு தபாலட்டை எழுதிப் போட்டால் பதினான்காவது பெயரையும் எழுதிவிடுவேன்.