மணலும் புளியங்கொட்டையும்: முன்பருவக் கல்வியில் ‘குறைந்த செலவு’ என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைக்கு வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதைக் கல்வியாளர் ‘குறைந்த செலவுக் கற்பித்தல்’ என்பர். பொருளின் விலை குறையும்போது குழந்தையின் அருகில் அமர்பவர் தரவேண்டிய நேரம் கூடுகிறது. அந்நேரத்தைக் கொடுத்தவர் யார் என்னும் வினாவைச் சென்னை, உரோம், கோஸ்பாட் ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முன்பருவக் கல்வி, மணலெழுத்து, பல்லாங்குழி, மாண்டிசோரி, அங்கன்வாடி.

முன்னுரை

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சுவடிகளையும் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் பெற்ற ஊதியத்தையும் மையமாகக் கொண்டவை. சுவடியைத் தொடுவதற்கு முன் குழந்தை எதைத் தொட்டது என்பது அவற்றில் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. குழந்தை முதலில் தொட்டது மணலை. அதற்கும் முன்னர், வீட்டுக்குள், விதைகளையும் சோழிகளையும் கூழாங்கற்களையும். விலையில்லாத இப்பொருள்கள் ஆவணங்களில் பதிவு பெறவில்லை. விலை கொடுத்து வாங்கியவற்றுக்கே கணக்கு எழுதப்படும் என்பதால் இதில் வியப்பில்லை.

மணலும் சட்டாம்பிள்ளையும்

ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்தை அழிக்க இயலாது. எழுதக் கற்கும் குழந்தையோ பிழை செய்துகொண்டே இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான முரணைத் தீர்த்தது மணல். பரப்பிய மணலில் ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தை வரையச் செய்வார். எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லியவாறே விரல் நகரும். கண், செவி, விரல் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஓர் எழுத்தில் ஈடுபடும். உள்ளங்கையால் தடவினால் பிழை மறைந்துவிடும். விசயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் எழுதத் தொடங்கும் வழக்கிலும் இந்நுட்பமே காணப்படுகிறது.

ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றின் வழியே சென்றபோது சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டதாக அவரே பதிவு செய்துள்ளார். அக்கால ஐரோப்பியர் தமிழரையே மலபார் என்று குறித்தனர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். இல்லத்து ஆசிரியர்கள் இம்முறையைக் கையாள விரும்பவில்லை. எனவே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்குக் கற்பிக்க அமர்த்தினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை வழியாக இம்முறை இங்கிலாந்தெங்கும் பரவியது.

மணலைக் கண்டு கொண்டதைப் பெல் ஒப்புக்கொள்கிறார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அவர் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையிடமிருந்து பெற்றாரா, தாமே கண்டறிந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இக்கட்டுரைக்கு அவ்விவாதத்தைவிட வேறொன்றே முதன்மையானது. மணலுக்கு விலையில்லை, ஆனால் ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் ஒருவர் தேவை. அந்த ஒருவருக்கு ஊதியம் தர மனமில்லாத இடத்தில் 8 வயதுச் சிறுவன் அமர்த்தப்பட்டான். பெல்லின் முறை மலிவானது என்று புகழப்பட்டதற்கு மணலைவிட ஃபிரிஸ்கனே பெரிய காரணம்.

வீட்டுக்குள் இருந்த கணிதம்

திண்ணைப் பள்ளி எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் அதன் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பெண் குழந்தைகளுள் மிகச் சிலரே அதில் இடம்பெற்றனர். ஆயினும் எண் என்பது அத்திண்ணையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பல்லாங்குழி, தாயம், ஐந்தாங்கல், கோலம் ஆகியவை பெரும்பாலும் பெண்கள் கையில் வீட்டுக்குள் வழங்கியவை.

பல்லாங்குழியைச் சற்று விரிவாகக் காணலாம். பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள். ஒரு குழியின் விதைகளை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடவேண்டும். முழு ஆட்டத்தையும் 4 வயதுக் குழந்தையால் ஆட முடியாது. ஆனால் ஒரு குழிக்கு ஒரு விதை என்று இட்டுச் செல்லும் செயல் அவ்வயதுக்கு எட்டுவதே. எண்ணுதலின் அடிப்படையாகிய ஒன்றுக்கு ஒன்று இணைக்கும் திறன் அச்செயலில் அமைந்துள்ளது. குழியில் நான்கு விதைகள் சேர்ந்தால் அது ‘பசு’. எண்ணிப் பாராமல் கண்ட மாத்திரத்தில் நான்கு என அறியும் திறன் அதனால் வளர்கிறது. வெற்றுக் குழி ‘இல்லை’ என்பதன் பொருளைக் கைக்கு உணர்த்துகிறது. புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெண்மையாக்கித் தாயம் உருட்டும் வழக்கமும் இத்தகையதே. எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு என்று பார்ப்பதற்குள் வகைப்படுத்தலும் எண்ணலும் முடிந்துவிடும்.

இவை இன்று முன்பருவக் கல்விக் கையேடுகளில் செயல்பாடுகளாகப் பட்டியலிடப்படுகின்றன. கையேடுகள் ஒன்றை மட்டும் மெல்லக் கூறிச் செல்கின்றன. 3 வயதுக் குழந்தை புளியங்கொட்டையை வாயிலிடும், மூக்கிலும் இடும். ஆகவே கண்ணெடுக்காமல் பார்த்திருக்க ஒருவர் வேண்டும். விலையில்லாப் பொருளின் உண்மையான விலை அந்தப் பார்வைதான். கூட்டுக் குடும்பத்தில் அதைப் பாட்டியோ அத்தையோ கொடுத்தனர். கூலி வேலைக்குச் சென்ற தாயின் வீட்டில் அதைக் கொடுத்தவள் மூத்த மகள்.

உரோமிலிருந்து அடையாற்றுக்கு

மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று உரோமின் சான் லொரென்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். அது தொழிலாளர் குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளேயே அமைந்த ஓர் அறை. பெற்றோர் பகலில் வேலைக்குச் சென்றுவிட்டதால் பிள்ளைகளைக் கவனிக்க எவருமில்லை என்பதே அது தோன்றக் காரணம். உடற்குறையும் மனக்குறையும் கொண்ட குழந்தைகளுக்கென முன்னர் அவர் பயன்படுத்திய மரவெழுத்துகள் விலைமிக்கவை. புதிய இல்லத்தில் அட்டையையும் உப்புத்தாளையும் வெட்டி எழுத்துகள் செய்தார். எளிமையான இவையே மரவெழுத்துகளைவிடச் சிறந்தவை எனப் பின்னர் எழுதினார். சென்னைச் சிறுவனின் விரல் மணலில் உணர்ந்ததைத்தான் உரோமின் குழந்தை உப்புத்தாளில் உணர்ந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதற்குச் சான்றில்லை. இரண்டுக்கும் தாய் வறுமை என்பது மட்டும் தெளிவு.

அவருடைய பிற கருவிகளின் இயல்பு வேறு. உருளைக் கட்டையின் ஒவ்வொரு துளையிலும் அதற்குரிய உருளை மட்டுமே சரியாகப் பொருந்தும். தவறாகச் செருகினால் இறுதியில் ஓர் உருளை மிஞ்சும்; குழந்தை தானே பிழையை அறியும். பிழை திருத்தும் பணியைக் கருவியே ஏற்பதால் பெரியவரின் குறுக்கீடு குறைகிறது. அதற்கு மிகத் துல்லியமான தச்சு வேலை தேவை. துல்லியத்துக்கு விலை உண்டு. காப்புரிமை பெற்ற அக்கருவிகள் விரைவில் விற்பனைப் பொருள்களாயின. மாண்டிசோரிக் கருவிகளின் விலையை வணிகப் பேராசை என்று மட்டும் கூறித் தள்ளுவது பொருந்தாது. பெரியவரின் நேரத்தை மரத்துக்கு மாற்றியதன் விலையும் அதில் அடங்கியுள்ளது.

1939-இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தார். முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதால் அவர் நாடு திரும்ப இயலவில்லை. பின்னர்க் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அவரிடம் பயின்றோர் பலர் நகரங்களில் பள்ளிகளை நிறுவினர். கருவிகளை வாங்க இயன்றோர்க்கே அவை பெரிதும் பயன்பட்டன.

முற்றத்துப் பள்ளி

குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-லேயே பாவ்நகரில் பால மந்திரத்தைத் தொடங்கி மாண்டிசோரி முறையைக் கதை, பாட்டு, நாட்டார் விளையாட்டு ஆகியவற்றோடு இணைத்தார். பெற்றோர்க்கென அவர் எழுதிய நூலொன்றின் தலைப்புக்கே ‘தாய்தந்தையாக இருப்பது கடினம்’ என்று பொருள். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-இல் மகாராட்டிரக் கடற்கரை ஊரான போர்டிக்குச் சென்றார். அனுதாய் வாக் அவருடன் இணைந்தார். பழங்குடிக் குழந்தைகள் மையத்துக்கு வரவில்லை. எனவே ஆசிரியர்கள் குடியிருப்புகளுக்கே சென்று வீட்டு முற்றங்களில் வகுப்பு நடத்தினர். முற்றத்தைக் குறிக்கும் ‘அங்கண்’ என்னும் சொல்லிலிருந்து அங்கன்வாடி பிறந்தது. கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை, களிமண் ஆகியவை கருவிகளாயின.

1957-இல் இப்பணி வார்லி மக்கள் வாழும் கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. பள்ளி வயதுப் பெண் குழந்தைகள் ஏன் வருவதில்லை என்பதற்கு அங்கு விடை தெளிவாக இருந்தது. அவர்கள் வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆகவே கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைக்கப்பட்டன. தம்பியை இடுப்பில் சுமந்துவரும் சிறுமி அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்பில் அமரலாம். குறைந்த செலவுக் கற்பித்தலின் வரலாற்றில் அருகில் அமர்பவரின் நேரத்தையும் ஒரு செலவாகக் கருதி அதற்கு ஏற்பாடு செய்த அரிய இடம் இது.

மோடக் 1973-இல் மறைந்தார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அங்கன்வாடி என்னும் பெயரை அத்திட்டம் ஏற்றது. உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு கற்பிக்கும் முறையையும் ஏற்றது. கற்பிக்கும் பெண்ணுக்கு ஊதியம் என்று இல்லாமல் மதிப்பூதியம் வகுக்கப்பட்டது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, பரிந்துரைச் சேவை, முன்பருவக் கல்வி, தாய்மார்க்கான உணவு மற்றும் நலக் கல்வி என அதன் பணிகள் ஆறு. கைக்குழந்தைக் காப்பகம் அவ்வாறனுள் இல்லை.