கொக்கல விமானத் தளம்

கொக்கல விமானத் தளம் இலங்கையின் தென்கரையில், காலி நகருக்குக் கிழக்கே, கடலுக்கும் கொக்கல வாவிக்கும் நடுவே இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்த தளம். பெரும்பாலும் கடல் விமானங்களே இங்கிருந்து இயங்கின. அலையடங்கிய வாவியே அவற்றுக்கு ஓடுபாதை. தளத்துக்காக ஊர் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். போர் வரலாறுகள் இவர்களை அநியாயமாக மறந்துவிட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் இடிபடாமல் தப்பி, இன்று அருங்காட்சியக வளாகத்துக்குள் நிற்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானிடம் வீழ்ந்தன. அடுத்த குறி இலங்கை என்ற நிலையில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் இருந்த கனடாவின் 413ஆம் படைப்பிரிவு கேட்டலினா கடல் விமானங்களுடன் கொக்கலவுக்கு அனுப்பப்பட்டது. ஏப்ரல் 4 அன்று லெனார்ட் பர்ச்சல் ஓட்டிச்சென்ற கேட்டலினா, இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டது. ஜீரோ போர் விமானங்கள் சூழ்ந்து சுடும்போதே வானொலியில் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். பர்ச்சல் உட்பட அறுவர் போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதிகளாக இருந்தனர். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டபோது துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன. பேரழிவைத் தடுத்தது பர்ச்சலின் செய்திதான். 'இலங்கையின் இரட்சகர்' என்ற பெயர் அவருக்குத் தகும். ஆயினும் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அன்றே கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அதே வாரம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, சென்னைவாசிகள் கூட்டங்கூட்டமாக ஊரைக் காலிசெய்தனர்.

1943 ஜூலை முதல் 1945 ஜூலை வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் ஐந்து கேட்டலினாக்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறந்தன. எதிரி கண்டுகொள்ளாதிருக்க விமானிகள் வானொலியை அடக்கி, விண்மீன்களைப் பார்த்தே வழியறிந்தனர். விமானங்களுக்கும் ரைகல், வேகா போன்ற விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. ஒரு பயணம் 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டதால் இது 'இரட்டைச் சூரியோதயச் சேவை' எனப்பட்டது. எதிரியின் வானெல்லையைக் கடந்து 271 முறை சென்றும் ஒரு விமானத்தைக்கூட இழக்காத இச்சேவை, பயணிகள் விமான வரலாற்றின் தலைசிறந்த சாதனைகளுள் ஒன்று.

இப்போது இங்கு இலங்கை விமானப்படைத் தளமும், 1991இல் தொடங்கிய ஏற்றுமதித் தொழில் வலயமும் உள்ளன.