அசையும் சொத்து

தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் பலர் தம் வாழ்நாளில் இரண்டு முறை வீடு மாறுகிறார்கள். முதல் முறை திருமணத்தில். இரண்டாம் முறை முதுமையில், பிள்ளைகள் பிழைக்கும் ஊருக்கு. முதல் இடமாற்றத்துக்கு மேளம் உண்டு. எத்தனை பவுன், எத்தனை பாத்திரம் என்று நோட்டுப் போட்டு எழுதுவார்கள். சீர்வரிசையை எண்ணிப் பார்க்க ஊரே கூடும். இரண்டாவதற்குச் சாட்சியாக ஒரு குட்டி யானை வண்டியும் சாமான் ஏற்றும் இரண்டு பையன்களும் இருந்தால் அதிகம். எண்ணிக் கொண்டுவந்த பொருள்களை யாரும் எண்ணாமலேயே கழித்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டாம் இடமாற்றத்தை ஒரு குடும்ப விவகாரமாக மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். இதைச் சொத்துரிமை வரலாற்றின் ஒரு பக்கமாகவும் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

‘தட்டுமுட்டுச் சாமான்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். நிலத்தை, வீட்டை நாம் அப்படி அழைப்பதில்லை. அண்டா, தவலை, குடம், முறம், பாய், பெட்டி ஆகியவைதாம் தட்டுமுட்டு. சட்டம் இன்னும் மரியாதையாக இவற்றை ‘அசையும் சொத்து’ என்கிறது. நம் சமூகம் அசையாச் சொத்தை ஆணுக்கும் அசையும் சொத்தைப் பெண்ணுக்கும் என்று பிரித்துக் கொடுத்து வெகுகாலம் ஆகிறது.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான சொத்துரிமை கேட்டது. 1937ஆம் ஆண்டுச் சட்டம், இந்து விதவைக்குக் கணவனின் பங்கில் உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை மட்டும் தந்தது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த அனுபவ உரிமையை முழு உரிமை ஆக்கியது. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் தாமாகப் பங்கு பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது. பிறந்த வீட்டில் தங்கும் உரிமைகூட மணமாகாத, கைவிடப்பட்ட, பிரிந்து வாழ்கிற, கணவனை இழந்த மகளுக்குத்தான். மற்ற மகள்களுக்கு அது விருந்தாளி வீடு.

1989 மார்ச் 25 முதல் தமிழ்நாடு தன் சட்டத்திருத்தத்தின் வழியாக மகளையும் கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளி ஆக்கியது. செங்கல்பட்டு மாநாடு முடிந்து சரியாக அறுபது ஆண்டுகள். அந்த மகிழ்ச்சியிலும் ஒரு விலக்கு இருந்தது. அந்த நாளுக்கு முன்பே மணமான மகளுக்கு இந்த உரிமை கிடையாது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்த பிறகுதான் மணமான மகள் என்ற வேறுபாடும் 23ஆம் பிரிவும் நீங்கின.

இன்று எழுபத்தைந்து வயதைத் தொடும் ஒரு பெண்ணை இந்த ஆண்டுகளின் மேல் வைத்துப் பாருங்கள். 1970க்கு முன்னே பின்னே மணமாகியிருப்பார். 1989 அவரைத் தாண்டிப் போயிற்று. 2005 வந்தபோது அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து, பத்திரம் பதிந்து முடித்திருப்பார்கள். அப்படியானால் அவர் கைக்கு உண்மையில் வந்த சொத்து எது? நகையும் பாத்திரமும். நகை பிள்ளைகளின் படிப்புக்கும் கிணற்று மோட்டாருக்கும் அடகுக்கடை போய்விட்டது. மிஞ்சியது பாத்திரம்.

என் பெரியம்மா அப்படி ஒருவர். கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். பெரியப்பா இறந்த பிறகு ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அன்பாகத்தான் அழைத்தார். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில், நாலாவது மாடியில், அம்மாவுக்கு ஓர் அறையின் பாதி.

இது இந்தப் பகுதியின் பொதுக்கதை. சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. எழுபதுகளில் அதன் ஓசூர் வளாகம் உருவாயிற்று. வாகன ஆலைகளும் கைக்கடிகார ஆலையும் அடுத்தடுத்து வந்தன. போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்து வண்டியேறினார்கள். இப்போது பெண்பிள்ளைகளும் போகிறார்கள். அப்போது போனவர்களின் பெற்றோர் முதுமையில் பின்னால் போகிறார்கள். இளையவர்களின் இடப்பெயர்ச்சியை ‘தொழில் வளர்ச்சி’ என்று எழுதினோம். அதன் இரண்டாம் அலையான முதியவர்களின் இடப்பெயர்ச்சிக்குப் பெயரே வைக்கவில்லை.

மகன் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்களை ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் வேலையைக் குறை சொல்ல முடியாது. முதலில் கைபேசி வீடியோவில் வீட்டைப் பார்த்து விலை சொன்னார்கள். பிறகு அட்டைப் பெட்டி, குமிழி உறை, ஒட்டும் நாடாவோடு வந்து, பெட்டிக்கு ஓர் எண் போட்டு, எண்ணுக்கு நேராகச் சாமான் பெயர் எழுதினார்கள். காப்பீட்டுக்காக ஒவ்வொன்றுக்கும் மதிப்பு கேட்டார்கள். டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் மகன் உடனே சொன்னார். பித்தளை அண்டாவுக்குக் கிலோ விலை போட்டார்கள். ராகிக்கல்லுக்கு மதிப்பு இல்லை. பட்டியலின் தலைப்பில் மகன் பெயர் இருந்தது, கையெழுத்தும் அவருடையதுதான்.

“பெரியம்மா, இந்தத் தவலை யாரு குடுத்தது?” என்று கேட்டேன்.

“கழுத்தப் பாரு கண்ணு, பேரு வெட்டியிருக்கும்.”

இருந்தது. மாமன் பெயரின் முதலெழுத்தும், ஊரும், வருடமும். சொம்பில் அவருடைய அண்ணன் பெயர். எவர்சில்வர் தூக்கில், மகளிர் குழுச் சீட்டுப் பணத்தில் அவரே வாங்கியதால், அவர் பெயர். அந்த வீட்டில் அவர் பெயர் எழுத்தாக இருந்தது ரேஷன் அட்டை, ஆதார் போன்ற தாள்களுக்கு வெளியே அந்தத் தூக்கில் மட்டும்தான்.

கல்வெட்டும் செப்பேடும் படித்துத் தேறிய துறையிலிருந்து வருகிறேன். யார், யாருக்கு, எப்போது, என்ன கொடுத்தார் என்பதுதானே கொடைக் கல்வெட்டின் அடிப்படை? பாத்திரக்கடையில் உளிமுனையால் வெட்டிய இந்த எழுத்துகளும் அதையே சொல்கின்றன. பித்தளையிலிருந்து எவர்சில்வருக்கு மாறிய காலமும் அவற்றில் தெரிகிறது. 1981இல் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டத் தொடங்கியது. ஈயம் பூசும் தொல்லை இல்லாத அந்தப் பாத்திரங்களுக்காகப் பழைய பித்தளையை எடைக்குப் போட்ட வீடுகள் எத்தனையோ. அப்போதும் கொடுத்தவர் பெயர் உலைக்குப் போயிற்று.

இடம் மாறுவதற்கு ஒரு செலவு உண்டு என்பதை அரசு நெடுங்காலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், குடியிருப்பை மாற்ற நேர்ந்தால் அதற்கான நியாயமான செலவையும் இழப்பீட்டில் கணக்கிடச் சொன்னது. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1957இல் திறந்த கிருஷ்ணகிரி அணையின் காலத்தில் நடப்பில் இருந்தது அந்தச் சட்டம்தான். அதன் மொழியில் வீடு மாறுகிறவர் ‘அவன்’. 2013ஆம் ஆண்டுச் சட்டம், இடம்பெயரும் குடும்பத்துக்கு ஆள்களையும் உடைமைகளையும் கால்நடைகளையும் கொண்டுசெல்ல 50,000 ரூபாய் என்று எழுதியது. அதோடு விதவையையும் மணவிலக்குப் பெற்றவரையும் கைவிடப்பட்டவரையும் தனிக் குடும்பமாகக் கருதச் சொன்னது. அந்த ஒரு வரி வர நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. நிலம் எடுக்கும் அரசு இப்போது விதவையைத் தனிக் குடும்பமாக எண்ணுகிறது. மகன் வீட்டுக்குப் போகும் விதவையை எண்ணுவதற்குத்தான் யாரும் இல்லை.

அமெரிக்காவில் முதியவர்கள் பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்கு மாற உதவுவது தனித்தொழில் ஆகிவிட்டது. அதற்கென ஒரு தேசியச் சங்கம் 2002இல் உருவானது. அங்கே கட்டுவதும் ஏற்றுவதும் வேலையின் பின்பாதி. முதியவரோடு உட்கார்ந்து எதை எடுத்துச் செல்வது, எதை யாருக்குக் கொடுப்பது, எதை விற்பது என்று பிரிப்பதுதான் முன்பாதி. புது வீட்டில் கட்டில் எங்கே, விளக்கு எங்கே என்று முன்கூட்டியே வரைந்துவைக்கிறார்கள். அதற்கு மணிக்கணக்கில் கூலி உண்டு.

நம்மிடம் ஏற்றும் வேலைக்குக் கூலி இருக்கிறது, பிரிக்கும் வேலைக்கு இல்லை. அதை மகளும் மருமகளும் விடுமுறை எடுத்துச் செய்கிறார்கள். மாமியார் மனம் நோகாமலும், கணவன் பொறுமை இழக்காமலும், அடுக்கக அலமாரிக்குள் அடங்கும்படியும் செய்ய வேண்டும். ஏதேனும் தொலைந்தால் பழி மருமகள் மேல். இரண்டு பெண்களின் பூசலாக முடியும் இந்த வேலை, பணமும் நேரமும் ஒதுக்கப்படாத உழைப்பு என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது உரிமை. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனப் பொருள் பெண்ணின் தனிச்சொத்து என்றது. கணவன் வீட்டில் இருப்பதாலேயே அது கூட்டுச் சொத்து ஆகிவிடாது. அது அவர்களிடம் ஒப்படைத்த பொருள் மட்டுமே. அந்தத் தீர்ப்பை மணமுறிவு வழக்குகளில் நினைவுகூர்கிறோம். மணவாழ்வு முடியும்வரை வாழ்ந்து, விதவையாகி, மகன் வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கும் அதே நியாயம்தான். அவர் தவலையை எடைக்குப் போட மற்றவர்க்கு உரிமை இல்லை. அது அன்பினால் செய்ததாக இருந்தாலும்.

இதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை. ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கினால் போதும். பட்டியலின் தலைப்பில் அவர் பெயர் வரட்டும், கையெழுத்தோ கைரேகையோ அவருடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்று கட்டம்: வருகிறது, கொடுக்கிறேன், விற்கிறேன். விற்ற பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். சாமான் வண்டி நிறுவனங்கள் எண் போடும் அதே தாளில் இதைச் செய்யலாம்.

பெரியம்மா ராகிக்கல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். களி கிண்டும் கோலையும் தவலையையும் எடுத்துக்கொண்டார். “கோலு எதுக்கும்மா, குக்கர் இருக்கே” என்றார் மகன். “கோலு எனுது” என்றார். பேச்சு அதோடு நின்றது.

மாணவியர் ஆய்வுத் தலைப்புக் கேட்டு வரும்போது நான் சொல்வது இதுதான்: உங்கள் ஊரில் ஒரு முதிய பெண்ணின் வீடு காலியாகப்போகிறது என்று தெரிந்தால், வண்டி வருவதற்கு முன் ஒரு நோட்டோடு போங்கள். பாத்திரங்களின் கழுத்தைப் படியுங்கள். யார் கொடுத்தது, எப்போது, எதற்கு என்று கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்த பட்டியலை முதலில் அவரிடம் கொடுங்கள். நகல் உங்களுக்குப் போதும்.